கற்பூரத்துக்கு முன்னாடி ஒரு விலை, பின்னாடி ஒரு விலை

போன வாரம் உங்கள்ல ஒருத்தன் ஷோரூம்ல புது வண்டிக்கு பேரம் பேசறத பக்கத்துல உக்காந்து பாத்தேன். சீட் கவர சும்மா குடு, மேட்ட சும்மா குடு, இன்சூரன்ஸ்ல கம்மி பண்ணு, இல்லன்னா எதிர் கடைக்கு போறேன்னு மெரட்டறான். டை கட்டின பையன் காபி வாங்கிக் குடுத்து "சார், சார்"னு கெஞ்சறான். எனக்கு சிரிப்பு தாங்கல. வெளிய வந்ததும், "இன்னா பெரியவரே சிரிக்கறீங்க, நீங்களா இருந்தா எப்படி பேசுவீங்க?"ன்னு கேட்டான். அதுக்குத்தான் இன்னிக்கு உங்க எல்லாரையும் உக்கார வெச்சிருக்கேன். டீ வரட்டும், நான் சொல்லிகினே இருக்கேன்.

எங்க காலத்துல புது வண்டிக்கு பேரமே கிடையாதுடா. எழுபதுகள்லயும் எண்பதுகளோட ஆரம்பத்துலயும் காருன்னா ரெண்டு மூணு தினுசுதான். முன்பணம் கட்டி புக் பண்ணிட்டு வருஷக் கணக்குல காத்து கெடக்கணும். மருமகனுக்குன்னு ஒருத்தர் புக் பண்ண வண்டி பேரனுக்கு காது குத்தற அன்னிக்கு வந்து சேந்துச்சு. கம்பெனி சொல்றதுதான் விலை, கம்பெனி குடுக்கறதுதான் கலரு. மூக்கால அழுதாலும் ஒரு ரூவா குறையாது. அதனால என்ன ஆச்சுன்னா, கொஞ்சமா ஓடின வண்டி புது வண்டிய விட விலை ஜாஸ்தி! சிரிக்காதீங்க, சத்தியமா சொல்றேன். புதுசு ரசீதுல இருக்கு, ஓடினது கண்ணு முன்னாடி நிக்குது. கண்ணு முன்னாடி நிக்கறதுக்குத்தான் ஜனங்க காசு குடுத்தாங்க.

எங்கப்பா நம்ம ஊர் கார்த்திகை தீபத்தப்போ கூடற மாட்டுச் சந்தைல தரகர். எனக்கு மாட்டுல மனசு போவல, கார் தரகுக்கு வந்துட்டேன். ஆனா அவரோட துண்டு மட்டும் கூடவே வந்துடுச்சு. சந்தைல விலைய வாயால சொல்ல மாட்டாங்க. விக்கறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள்ள போவும், விரல அமுக்கி அமுக்கியே விலை பேசி முடிப்பாங்க. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதையே நான் காருக்கும் பண்ணேன். துண்டு பச்சையப்பன்னு சொன்னா திருவண்ணாமலைல தெரியாத ஆள் கிடையாது. எனக்கு அதுல ஒரு கெத்து வேற.

அப்ப ஏழுமலைன்னு ஒரு டிரைவர். மல்லாட்ட மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி, அது வெச்சிருந்த ஒரு மொதலாளிகிட்ட வேல. நல்ல பையன், ஆனா மொதலாளி எதிர்ல வாய் திறக்க வராது. கைய கட்டிகினு நிப்பான், "சரிங்க"ம்பான், அவ்வளவுதான் அவன் பாஷை. அவனுக்கு அதிர்ஷ்டம் லாட்ஜ்காரர் ஒருத்தர் ரூபத்துல வந்துச்சு. செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்கு பக்கத்துல அவர் லாட்ஜ். வெளிநாட்டுக்காரங்க வந்து மாசக் கணக்குல தங்குவாங்க. அவர் சொல்லிட்டாரு, "ஏழுமல, சொந்தமா வண்டி எடுத்துகினு வா. மெட்ராஸ் ஏர்போர்ட் சவாரி மொத்தமும் உனக்குத்தான். ஆனா தீபத்துக்குள்ள வரணும். இல்லன்னா வேலூர்க்காரன் ஒருத்தன் கேட்டுகினு இருக்கான், அவனுக்கு குடுத்துடுவேன்."

ஏழுமலை புது வண்டிக்கு எப்பவோ புக் பண்ணி வெச்சிருந்தான். அது வர்ற வழியக் காணோம். அந்த நேரம் பாத்து மண்டி மொதலாளி தன்னோட அம்பாசிடர விக்கப் போறதா சொன்னாரு. அவர் பெரிய கில்லாடி. தன் பேர்ல, சம்சாரம் பேர்ல, மச்சான் பேர்ல, மாமியார் பேர்லன்னு வரிசையா புக் பண்ணி வெச்சிருப்பாரு. ஒண்ணு வந்தா கொஞ்ச நாள் ஓட்டுவாரு. அடுத்தது வந்ததும் முன்னத லாபம் வெச்சு தள்ளிடுவாரு. அன்னிக்கு சம்சாரம் பேர்ல இருந்தது வந்துடுச்சு, அதனால மச்சான் பேர்ல வந்தது விலைக்கு வந்துச்சு.

ஏழுமலையும் அவன் சம்சாரம் அஞ்சலையும் என்னைத் தேடி வந்தாங்க. "ணா, புதுசுக்கு காத்திருக்கலாமா, இத எடுத்துடலாமா, நீங்களே சொல்லுங்க"ன்னான். இந்த இடத்துல கவனமா கேளுங்க தம்பிங்களா. புதுசுக்கு காத்திருந்தா காசு மிச்சம்தான். ஆனா லாட்ஜ் சவாரி வேலூருக்கு போயிடும். வண்டியோட விலைய மட்டும் பாக்கக் கூடாது, வண்டி இல்லாம உக்காந்திருக்கறதுக்கும் ஒரு விலை இருக்கு, அதயும் சேத்து பாக்கணும். "இதயே எடுத்துடு"ன்னேன். அந்த ஒரு வார்த்தைய நம்பி அஞ்சலை நகைய வித்துச்சு, ரெண்டு கறவை மாட்ட வித்துச்சு. கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான் மிச்சம். ஏழுமலை மொதலாளிகிட்ட வேலைய விட்டு நின்னுக்கறேன்னும் சொல்லிட்டான், அவரும் வேற டிரைவர் பாத்துட்டாரு. இனிமே பின்னாடி போறதுக்கு வழியே கிடையாது.

மண்டிக்குப் போய் மொதலாளிகிட்ட துண்ட விரிச்சேன். கம்பெனி விலைக்கு மேல கொஞ்சம் வெச்சு, ரெண்டு பேருக்கும் நோவாத மாதிரி விரல்லயே முடிச்சேன். அவரும் என் விரல இறுக்கிப் பிடிச்சு சரின்னுட்டாரு. "வண்டிய ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டு வாங்க, வந்து அட்வான்ஸ் குடுங்க"ன்னு சாவியத் தூக்கிப் போட்டாரு. ஏழுமலை தினமும் ஓட்டின வண்டிதான், இருந்தாலும் அது ஒரு சம்பிரதாயம். நம்ம ஊர்ல வண்டி ஓட்டிப் பாக்கணும்னா வேற எங்க போறது? மலைய ஒரு சுத்து சுத்தி வர்றதுதான். அதுவும் வலமாத்தான். இடமா போனா எவனாவது நடு ரோட்டுல நிறுத்தி திட்டுவான்.

அஞ்சலை ஒரு கூடைய துணி போட்டு மூடி மடியில வெச்சுகினு பின்னாடி ஏறுச்சு. கட்டுச்சோறு போலன்னு நான் நெனச்சேன். கோபுர வாசல் வந்ததும், "நிறுத்துங்க"ன்னுச்சு. துணிய எடுத்தா உள்ள கற்பூரம், எலுமிச்சம்பழம், சாமந்தி மாலை, பூசணிக்காய்! எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு.

"ஐயையோ, அஞ்சல! இன்னும் அட்வான்ஸ் கூட குடுக்கலம்மா. இப்ப கற்பூரம் காட்டினா வண்டி உங்களுதுன்னு ஆயிடும். அப்புறம் எப்படிம்மா விலைல நிக்கறது?"

"விலைதான் பேசி முடிச்சுட்டீங்களேணா?"

"முடிச்சேன். ஆனா..."

"அப்புறம் இன்னா ஆனா? நம்ம வண்டியா மொத மொத மலைய சுத்தப் போவுது. ஒரு கற்பூரம் கூட காட்டாம மொட்டையா எடுத்துகினு போனா சாமி கேக்காதா? நீங்க தள்ளுங்க."

தள்ளி நின்னேன், வேற வழி? நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு, மாலை போட்டு, கற்பூரம் ஏத்தி, பூசணிக்காய போட்டு உடைச்சாச்சு. பூக்காரம்மா, குதிரவண்டிக்காரங்க, தேங்காக்கடைக்காரர், எல்லாம் கூடிட்டாங்க. "டேய் ஏழுமல, வண்டி வாங்கிட்டியாடா!"ன்னு ஒருத்தன் முதுகுல தட்டறான். இவன் பல்லு எல்லாம் தெரிய சிரிக்கறான். இல்லன்னு சொல்ல வாய் வருமா? மலைய சுத்தற வழியில இருக்கற அடி அண்ணாமலை அஞ்சலைக்கு பொறந்த ஊரு. அங்க போனா அதவிட கூத்து. சொந்தக்காரங்க வண்டிய மறிச்சு நிறுத்தி மஞ்சள் குங்குமம் வெச்சாங்க. பசங்கள உள்ள தூக்கிப் போட்டு, "கொஞ்ச தூரம் கூட்டினு போய் விடுப்பா"ன்னாங்க. அஞ்சலை மூஞ்ச பாக்கணுமே. மாட்டையும் நகையையும் வித்த கவலையெல்லாம் எங்கயோ போயிடுச்சு. எனக்கு ஒரு பக்கம் பயமா இருந்தாலும், அந்த சந்தோஷத்த பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

திரும்பி மண்டிக்கு வந்தோம். எங்களுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு. மொதலாளி திண்டுல சாய்ஞ்சுகினு வண்டில இருக்கற மாலைய பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு.

"என்னய்யா பச்ச, பூஜையெல்லாம் பலமா?"

"ஆமாங்க மொதலாளி. அட்வான்ஸ் வாங்கிக்கறீங்களா?"

"வாங்கிக்கறேன். ஆனா விலை பத்தாதுய்யா. மேல ஒரு அஞ்சாயிரம் போட்டுக் குடுங்க."

"துண்டுக்குள்ள முடிச்சோமே மொதலாளி?"

"துண்டுக்குள்ள முடிச்சத யார் பாத்தா? நீ ஒண்ணு அமுக்கின, நான் ஒண்ணு அமுக்கினேன். உனக்கு எப்படி புரிஞ்சுதோ. கற்பூரம் காட்டியாச்சு, மலை சுத்தியாச்சு, சொந்தக்காரங்கள்லாம் பாத்தாச்சு. இனிமே வேணாம்னு விட்டுட்டா போவப் போறீங்க?"

அன்னிய தேதிக்கு அஞ்சாயிரம்னா கொஞ்ச நஞ்ச காசு இல்ல. அத வட்டிக்கு வாங்கினா, வண்டி ஓடறது பூரா வட்டிக்காரனுக்குத்தான் ஓடும். ஏழுமலைய பாத்தேன். கைய கட்டிகினு நிக்கறான், "சரிங்க"ன்னு சொல்ல வாய் தொறக்கப் போறான். அஞ்சலை மூஞ்சில ஈயாடல. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு அதுக்கு புரிஞ்சு போச்சு, கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! துண்டுல பேசின பேச்ச ஒருத்தன் இல்லன்னு சொல்லி நான் கேட்டதே கிடையாது. எங்கப்பா காலத்துல அப்படி சொன்னவன சந்தைக்குள்ள சேக்க மாட்டாங்க. வாய்க்கு வந்தத கேட்டுடலாம்னு நாக்கு துடிச்சுது.

ஆனா கோவத்துல பேசினா அவர்தான் ஜெயிப்பாரு. ஏழுமலை வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் தோள்ல கைய வெச்சு அமுக்கிட்டு, "ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன் மொதலாளி"ன்னு சொல்லிட்டு எழுந்து போனேன். தம்பிங்களா, அவசரப்படுத்தறவன் எதிர்ல உக்காந்து யோசிக்காதீங்க. எழுந்துடுங்க. தண்ணி குடிங்க, வெத்தல போடுங்க, என்னமோ பண்ணுங்க.

பானைகிட்ட நின்னு குடிச்சுகினு இருக்கேன். மல்லாட்ட மூட்டை போட வந்த விவசாயி ஒருத்தர் வண்டிய சுத்திப் பாத்துட்டு, "ஏன் மொதலாளி, வண்டிய ஏழுமலைக்கு குடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டாரு. மொதலாளி, "மூட்டைய எடை போடுய்யா"ன்னு பேச்ச மாத்தினாரு. வேட்டிய சரி பண்ணிகினாரு. அவ்வளவுதான், எனக்கு புரை ஏறிடுச்சு. கற்பூரம் எங்கள மட்டுமா கட்டிப் போட்டுச்சு? அவரையும்தான்! நாளைக்கு இந்த மாலை வாடிப் போய் இதே வண்டி இதே மண்டில நின்னா ஊரு இன்னா பேசும்? கற்பூரம் காட்டி, மலை சுத்தி, அப்புறம் வேணாம்னு விட்டுட்டாங்களே, வண்டில ஏதோ கோளாறுன்னு பேசும். அதுவும் யார் விட்டது? அந்த வண்டிய வாங்கின நாள்லேருந்து ஓட்டின டிரைவரே விட்டுட்டான். அதுக்கப்புறம் எவன் கை வெப்பான்?

உள்ள வந்தேன். "மொதலாளி, எங்களுக்கு கட்டுப்படியாகாதுங்க. ஏழுமல, சாவிய அங்க வெச்சுடு."

ஏழுமலை என்னைப் பாத்த பார்வை இருக்கே, அப்பப்பா! புள்ளைய பறிகுடுத்தவன் மாதிரி. நான் கண்ண உருட்டினேன். வெச்சுட்டான். அஞ்சலை அழுதுகினே போய் மாலைய கழட்டப் போச்சு.

"அத தொடாதம்மா. வண்டிக்கு போட்டது வண்டிலயே இருக்கட்டும்"னேன், மொதலாளி காதுல விழற மாதிரி.

எதிர்ல ஒரு டீக்கடை. அங்க போய் பெஞ்சுல உக்காந்தோம். வண்டி மண்டி வாசல்ல மாலையோட நிக்கறது நல்லா தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் கண்டிப்பா சொன்னேன், "யார் கேட்டாலும், வேணாம்னு விட்டுட்டோம்னு மட்டும் சொல்லுங்க. வண்டிய பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லக் கூடாது. நல்ல வண்டி அது. பொய் சொல்லி காரியம் நடத்த வேணாம்."

"ணா, எனக்கு வேலையும் போச்சு, வண்டியும் போச்சு. லாட்ஜ்காரருக்கு இன்னா சொல்லுவேன்?"ன்னு ஏழுமலை தலைல கை வெச்சுகினான்.

"டீய குடிடா"ன்னேன். தைரியமாத்தான் சொன்னேன், ஆனா என் டீ கைலயே ஆறிகினு இருந்துச்சு. நான் போட்ட கணக்கு தப்பா போனா இந்தக் குடும்பம் நடுத்தெருவுல. அவங்கள மாட்ட விக்க வெச்சது என் வாய்தானே?

மொதல்ல பூக்காரம்மா வந்துச்சு. "இன்னா அஞ்சல, வண்டிய அங்க விட்டுட்டு இங்க உக்காந்துகினு இருக்கீங்க?"

"வேணாம்னு விட்டுட்டோம்க்கா."

"ஏன்? இன்னாவாம் வண்டிக்கு?"

அஞ்சலை முந்தானையால கண்ண தொடைச்சுகிச்சு. அது ஆயிரம் வார்த்தைக்கு சமானமாப் போச்சு. அந்தம்மா போற வழியில தேங்காக்கடைல ஒரு நிமிஷம் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல மூட்டை எறக்க வந்தவங்க ரெண்டு பேர் வண்டிகிட்ட போய் குனிஞ்சு அடிப்பக்கம் பாக்கறாங்க. ஒருத்தன் டயர உதைச்சுப் பாக்கறான். இன்னொருத்தன் புகை வர்ற குழாய்க்குள்ள விரல விடறான். மொதலாளி வெளிய வந்து, "என்னய்யா வேடிக்க? போங்கய்யா!"ன்னு தொரத்தினாரு. தொரத்தின ஆள விட ஜாஸ்தியா கூட்டம் வந்துச்சு. எனக்கு அப்பதான் டீ உள்ள எறங்குச்சு.

கடைசில கூப்பிட்டாரு. "யோவ் பச்ச! உள்ள வாய்யா!"

போனேன். துண்ட எடுன்னு கைய நீட்டினாரு.

"துண்டு வேணாம் மொதலாளி. வாயால சொல்லுங்க. இத்தன பேர் நிக்கறாங்க, கேட்டுக்கட்டும்."

மொறச்சாரு. மீசைய தடவினாரு. அப்புறம் முன்ன விரல்ல பேசின அதே விலைய தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாரு. அஞ்சலை முந்தானைல முடிஞ்சிருந்த அட்வான்ஸ வெத்தல பாக்குல வெச்சு அவர் கைல குடுத்துச்சு. ஏழுமலை சாவிய எடுத்தான். எடுத்துட்டு, ஆச்சரியம் பாருங்க, வாயத் தொறந்து, "வரேங்க மொதலாளி"ன்னு நிமிந்து நின்னு சொன்னான்.

தீபத்துக்கு முன்னாடியே லாட்ஜ் சவாரி ஆரம்பிச்சுடுச்சு. மெட்ராசுக்கும் நம்ம ஊருக்கும் அந்த வண்டி மாடா உழைச்சுது. வித்த மாட்டுக்கு பதிலா மாடு வந்துச்சு, நகையும் திரும்பி வந்துச்சு. கொஞ்ச வருஷம் போய், எல்லாரும் மறந்தே போன நேரத்துல, ஏழுமலை புக் பண்ண புது வண்டி வந்துச்சு. கம்பெனி விலைக்கு. நான் சொன்னேன், "புதுச அப்படியே கை மாத்தி விட்டுடு, நல்ல லாபம். பழசு நல்லாத்தான ஓடுது?" அஞ்சலை ஒத்துக்கல. "இத்தன வருஷமா அடுத்தவங்க புது வண்டிய தொடச்சவரு. ஒரு தபா தன்னோட புது வண்டிய தொடைக்கட்டும்ணா." அதுக்கு மேல தரகன் இன்னா பேசறது? புதுச வெச்சுகினாங்க, பழச விக்கறதுன்னு முடிவாச்சு.

வாங்க வந்தது யாருன்னு நெனக்கறீங்க? மண்டி மொதலாளியேதான்! அவரோட வண்டி பொண்ணு கல்யாணத்துல மாப்ள வீட்டுக்குப் போயிடுச்சு. புக் பண்ணதெல்லாம் வரல. ஊர்ல நம்பி வாங்கற மாதிரி இருந்தது அந்த ஒரு வண்டிதான். தான் வித்ததையே திரும்ப வாங்க வந்து ஏழுமலை வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தாரு. அஞ்சலை மோர் குடுத்துச்சு. பழக்க தோஷம், நான் தோள்ல இருந்த துண்ட எடுத்தேன்.

"மடிச்சு வைங்கணா"ன்னுச்சு அஞ்சலை. அவர் மூஞ்சிக்கு நேரா, நியாயமான ஒரு விலைய சொல்லுச்சு. "மலைய சுத்தி ஓட்டிப் பாத்துட்டு வாங்க மொதலாளி. கற்பூரம் காட்டணும்னா காட்டிக்குங்க."

போனாரு. போறப்போ தன் வீட்டுக்கார அம்மாவையும் ஏத்திகினு போயிருக்காரு. திரும்பி வந்தா வண்டில இவ்வளவு பெரிய மாலை, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழச் சாறு. எனக்கு கை அரிச்சுது. இத விட்டா நேரம் வருமா? அவர் பின்னாடி நின்னுகினு அஞ்சலைக்கு ஜாடை காட்டினேன், ஏத்து, இன்னும் ஏத்துன்னு. மொதலாளிக்கும் அந்த பயம் வந்துடுச்சு. வண்டிலேருந்து எறங்கினவர் உக்காராம நிக்கறாரு. அன்னிக்கு ஏழுமலை கைய கட்டிகினு நின்னானே, அதே மாதிரி.

"இப்ப விலை எவ்வளவும்மா?"ன்னு கேட்டாரு.

அஞ்சலை என் ஜாடைய பாத்துச்சு, பாத்துட்டு பாக்காத மாதிரி திரும்பிடுச்சு.

"கற்பூரத்துக்கு முன்னாடி சொன்னேனே மொதலாளி, அதேதான். உக்காருங்க, இன்னொரு சொம்பு மோர் குடிங்க."

அவர் உக்காந்தாரு. மோர ஒரே மூச்சுல குடிச்சுட்டு, மடியிலேருந்து பணத்த எடுத்தாரு. நான் துண்ட மடிச்சு தோள்ல போட்டேன். அதுக்கப்புறம் அந்தத் துண்ட மூஞ்சி தொடைக்கத்தான் எடுத்தேன், விலை பேச எடுக்கவே இல்ல.